எண்களால் ஆன அறம்

கணினி விளையாட்டுகளைப் பற்றி இலக்கிய வாசகரிடம் பேசப் புகுவது சற்றே கூச்சம் தரும் செயல். பொழுதைக் கொல்பவை, பிள்ளைகளைக் கெடுப்பவை என்னும் இரு தீர்ப்புகளுக்கு அப்பால் அவற்றைப் பற்றி நம் இலக்கியச் சூழலில் அதிகம் பேசப்பட்டதில்லை. நாமும் நெடுங்காலம் அத்தீர்ப்புகளையே ஏற்றிருந்தோம். நம்மிடம் முதுகலை பயின்ற மாணவர் ஒருவர், 1985ஆம் ஆண்டு வெளியான 'அல்டிமா 4' என்னும் பழைய விளையாட்டை நம் கணினியில் நிறுவிக் கொடுத்து, "இதை ஒருமுறை ஆடிப் பாருங்கள் ஐயா, பிறகு பேசுவோம்" என்று சொல்லிச் சென்றார்.

அவ்விளையாட்டில் மந்திர மூலிகைகள் விற்கும் கடை உண்டு. கடைக்காரிக்குக் கண் தெரியாது. மூலிகைக்கு இத்தனை பொற்காசு என்று அவள் விலை சொல்கிறாள். எத்தனை காசு வைக்கிறோம் என்பதை நாமே தட்டச்சிட வேண்டும். நாம் ஒற்றைக் காசை வைத்தோம். அவள் வாங்கிக்கொண்டாள். காவலர் வரவில்லை, திரையில் எச்சரிக்கை எதுவும் தோன்றவில்லை. விளையாட்டை ஏமாற்றிவிட்ட மகிழ்ச்சியில் அடுத்தடுத்த முறையும் அவ்வாறே செய்தோம். சில நாட்கள் கழித்து, அரண்மனையில் இருக்கும் ஞானியிடம் சென்று நம் வாய்மை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டபோது, நாம் கள்வர் என்ற பொருள்பட அவர் விடை சொன்னார்.

இல்லாத உலகில், இல்லாத பெண்ணுக்கு, இல்லாத காசைக் குறைத்துக் கொடுத்ததற்காக நாற்பது வயதைக் கடந்த ஆசிரியர் ஒருவர் வெட்கப்பட நேர்ந்தது எப்படி? அதற்கு விடை தேடிப் போனபோது நமக்குக் கிடைத்தது ஐம்பதாண்டு வரலாறு. அதையே இங்கு வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

பகடையும் ஆறு எண்களும்

இவ்விளையாட்டுகளின் மூலம் கணினி அன்று, போர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்னும் ஊரில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெரனுடன் இணைந்து 1971இல் 'செயின்மெயில்' என்னும் விதிநூலை வெளியிட்டார். சிறு பொம்மைகளை மேசைமீது படைகளாக நிறுத்தி இடைக்காலப் போர்களை ஆடிப்பார்ப்பதற்கான விதிகள் அவை. அந்நூலின் பிற்பகுதியில் மந்திரவாதிகளும் டிராகன்களும் இடம்பெற்றனர். அதே காலத்தில் மின்னசோட்டா மாநிலத்தில் டேவ் ஆர்னசன் என்பவர், படைகளை நகர்த்துவதற்கு மாறாக ஒவ்வொருவரும் ஒரே ஒரு மனிதனாகத் தம்மைப் பாவித்து ஆடும் முறையைத் தம் நண்பர்களிடையே வளர்த்துவந்தார். இவ்விரு வழிகளும் கலந்து 1974இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. முதற்பதிப்பு 1000 பிரதிகள் மட்டுமே.

அந்நூல் மனிதனை ஆறு எண்களாகப் பகுத்தது. வலிமை, அறிவு, ஞானம், உடலுறுதி, லாவகம், ஈர்ப்பு ஆகியன அவை. ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடைகளை உருட்டி வரும் கூட்டுத்தொகையே அளவு. மூன்று என்றால் மிகக் கீழ். பதினெட்டு என்றால் மிக மேல். வலிமை மிகுந்தவன் போர்வீரன் ஆகலாம். அறிவு மிகுந்தவன் மந்திரவாதி ஆகலாம். எந்த எண்ணை எங்கே இட்டு, எந்தத் தொழிலைத் தேர்ந்து, எந்த ஆயுதத்தைப் பழகினால் அந்தப் பாத்திரம் நிலைத்து நிற்கும் என்று கணக்கிடும் கலையைத்தான் பிற்கால ஆட்டக்காரர்கள் 'பில்ட்' என்று அழைக்கிறார்கள். நாம் அதைப் பாத்திரக் கட்டமைப்பு எனலாம்.

அறத்துக்கும் அந்நூலில் இடமிருந்தது. ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்னும் மூன்று சார்புகளில் ஒன்றைப் பாத்திரம் கொள்ள வேண்டும். பவுல் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் முதலிய மிகுபுனைவு எழுத்தாளர்களிடமிருந்து வந்த கருத்து இது. 1978இல் வெளியான விரிவாக்கப்பட்ட விதிநூலில் நன்மை, தீமை என்னும் அச்சும் இதனோடு சேர்ந்து, ஒன்பது சார்புகளாயின. ஆயினும் இங்கு ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். வலிமை எவ்வளவு என்று எண் சொல்லும். அறம் எவ்வளவு என்று எண் சொல்லவில்லை. அது தாளில் எழுதிக்கொள்ளும் சார்பாக மட்டுமே இருந்தது. அச்சார்புக்கு ஏற்ப ஒருவன் நடக்கிறானா என்பதை மேசையின் தலைமாட்டில் அமர்ந்து ஆட்டத்தை நடத்துபவர், ஒரு மனிதர், தம் மனத்தால் தீர்மானித்தார்.

கணினிக்கு அத்தகைய மனம் இல்லை. இதுவே பிற்கால வரலாறு முழுவதையும் தீர்மானித்த சிக்கல் எனக் கருதுகிறோம்.

சாம்பலாகும் வீரர்கள்

மேசை விளையாட்டு வெளிவந்த மறு ஆண்டே அதைக் கணினிக்குள் கொண்டுவரும் முயற்சிகள் தொடங்கிவிட்டன. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் கல்விக்கென உருவாக்கப்பட்ட 'பிளேட்டோ' கணினி அமைப்பில் 1975இல் இத்தகைய விளையாட்டுகளை எழுதினர். பாடத்துக்குரிய இடத்தை ஆட்டம் பிடித்துக்கொள்கிறது என்று நிர்வாகம் அவற்றை அழிப்பதும், அவை வேறு பெயரில் மீண்டும் முளைப்பதுமாக இருந்தன.

வீட்டுக் கணினிகள் பரவத் தொடங்கிய 1981இல், கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களான ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் வுட்ஹெட் ஆகிய இருவரும் உருவாக்கிய 'விசர்ட்ரி' வெளியானது. ஆறு பேர் கொண்ட குழுவை நாமே உருவாக்கி, பத்து அடுக்குப் பாதாளத்துக்குள் இறங்க வேண்டும். பாத்திரத்தை உருவாக்கும்போது பகிர்ந்துகொள்ளக் கிடைக்கும் கூடுதல் புள்ளிகளை இயந்திரம் தற்செயலாக வழங்கும். பெரிய எண் விழும்வரை பாத்திரங்களைப் படைப்பதும் அழிப்பதுமாக ஆட்டக்காரர்கள் மணிக்கணக்கில் அமர்ந்திருந்தனர்.

இதில் அறம் என்னவாயிற்று? நல்லவர், நடுநிலையாளர், தீயவர் என மூவகை. நல்லவரும் தீயவரும் ஒரே குழுவில் சேர இயலாது. 'லார்ட்' என்னும் உயர்ந்த வீரனாவதற்கு நல்லவராக இருத்தல் வேண்டும்; 'நிஞ்சா' ஆவதற்குத் தீயவராக இருத்தல் வேண்டும். அதாவது அறம் இங்கே தொழிலுக்கான தகுதிச் சான்றிதழ். வலிமை பதினேழு வேண்டும், லாவகம் பதினேழு வேண்டும், தீமை வேண்டும் என்று அதுவும் ஒரு வரியாக நின்றது. ஆயினும் சிறு விதை ஒன்று அங்கேயே விழுந்திருந்தது. பாதாளத்தில் சில வேளை பகையற்ற கூட்டத்தார் எதிர்ப்படுவர். நல்லவர்கள் அவர்களைத் தாக்கினால் தீயவராக மாறிவிடக்கூடும். தீயவர்கள் அவர்களை விட்டுவிட்டால் நல்லவராக மாறிவிடக்கூடும். சொன்ன சார்பன்று, செய்த செயலே ஒருவரைத் தீர்மானிக்கிறது என்பதைக் கணினி முதன்முதலாக எழுத்துக்கூட்டிப் படித்த இடம் இது எனலாம்.

விசர்ட்ரியின் பெருமை அதன் போர்களில் இருந்தது. இறந்தவரை நகரத்துக் கோயிலுக்குத் தூக்கிவந்து பொருள் கொடுத்து உயிர்ப்பிக்கலாம். அம்முயற்சி தோற்றால் உடல் சாம்பலாகும். சாம்பலையும் உயிர்ப்பிக்க முயலலாம். அதுவும் தோற்றால் அந்தப் பாத்திரம் என்றென்றைக்குமாக மறைந்துபோகும். குழு முழுவதும் மடிந்தால் அச்செய்தி வட்டில் பதிவாகிவிடும். புதிய குழு ஒன்றை உருவாக்கி, அதே இடத்துக்கு இறங்கிப் போய் உடல்களை மீட்டுவர வேண்டும். வாரக்கணக்கில் வளர்த்த பாத்திரத்தை இழந்தவரின் துயரம் பொய்யானதன்று. இந்த இழப்பின் கனத்தை நினைவில் வைத்துக்கொள்வோம். அறத்துக்கும் இதற்கும் தொடர்பு பின்னர் வரும்.

கோமாளியைக் கொன்ற கை

விசர்ட்ரி வந்த அதே 1981இல் டெக்சாஸைச் சேர்ந்த ரிச்சர்ட் கேரியட் என்னும் இளைஞர் தம் 'அல்டிமா' வரிசையின் முதல் விளையாட்டை வெளியிட்டார். அதில் சிறைப்பட்ட இளவரசியை மீட்க வேண்டுமானால் சாவி வேண்டும். சாவி பெற வேண்டுமானால் அரண்மனைக் கோமாளியைக் கொல்ல வேண்டும். அவன் செய்த குற்றம் என்ன? ஒன்றுமில்லை. சாவி அவனிடம் இருந்தது, அவ்வளவே. கடைகளில் திருடலாம்; அகப்படாவிட்டால் ஆதாயம். ஊராரையும் காவலரையும் கொன்று, இறுதியில் உலகைக் காத்த வீரர் என்ற பட்டத்துடன் ஆட்டத்தை முடிக்கலாம்.

1983இல் மூன்றாம் பகுதி வெளிவந்தபோது கேரியட் சொந்தமாக நிறுவனம் தொடங்கியிருந்தார். எனவே வாசகர் கடிதங்கள் நேராக அவர் கைக்கு வந்தன. அமெரிக்காவில் இத்தகைய விளையாட்டுகள் பேய் வழிபாட்டுக்கு வழிவகுக்கின்றன என்னும் அச்சம் பரவியிருந்த காலம் அது. இளைஞரைக் கெடுப்பவர் என்று அவரைச் சாடியும் கடிதங்கள் வந்தன. இத்தகைய குற்றச்சாட்டைக் கேட்ட படைப்பாளிகள் பொதுவாகச் சினம் கொள்வர், அல்லது சிரித்துக் கடப்பர். கேரியட் வேறொன்று செய்தார். குற்றச்சாட்டு தவறானதாயினும் தம் விளையாட்டு உண்மையில் எதற்குப் பரிசளிக்கிறது என்று பார்த்தார். திருட்டுக்கும் கொலைக்கும் பரிசளித்தது. வில்லனின் தீமையைக் கதை சொல்லிற்று. ஆட்டக்காரனோ வில்லனைவிட மிகுதியான தீமைகளைச் செய்துகொண்டிருந்தான்.

இதன் விளைவாக 1985இல் வந்ததே 'அல்டிமா 4: அவதாரத்தின் தேடல்'. இதில் வில்லன் இல்லை. கொல்லப்பட வேண்டிய அரக்கர் தலைவன் இல்லை. எட்டு நற்பண்புகளில் தேறி அவதாரமாவதே நோக்கம். வாய்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்பன அவை. 'அவதாரம்' என்னும் இந்தியச் சொல்லைக் கேரியட் தம் நாயகனுக்கு எடுத்துக்கொண்டார். நம் மரபில் அவதாரம் மேலிருந்து கீழிறங்குவது. அவருடைய அவதாரமோ கீழிருந்து முயன்று ஏறுவது. பொருள் தலைகீழாயிற்று என்று குறை சொல்ல நாம் விரும்பவில்லை. தன் உலகிலிருந்து இன்னோர் உலகுக்குள் இறங்கும் ஆட்டக்காரனுக்கு அச்சொல் ஒருவகையில் பொருந்தவே செய்கிறது.

இடையனாதல்

இந்த விளையாட்டின் தொடக்கத்தில் பகடை இல்லை. எண்களைப் பகிர்ந்தளிக்கும் பட்டியலும் இல்லை. வண்டிக்குள் அமர்ந்திருக்கும் குறிசொல்லும் பெண் ஒருத்தி ஏழு கேள்விகள் கேட்கிறாள். ஒவ்வொன்றிலும் இரு நற்பண்புகள் மோதுகின்றன. நன்மைக்கும் தீமைக்கும் இடையே தேர்ந்தெடுப்பது எளிது. வாய்மைக்கும் இரக்கத்துக்கும் இடையே, நீதிக்கும் மானத்துக்கும் இடையே தேர்ந்தெடுப்பது அப்படியன்று. எட்டு நான்காகி, நான்கு இரண்டாகி, இரண்டு ஒன்றாகும்போது எஞ்சி நிற்கும் பண்பே நம் தொழிலைத் தீர்மானிக்கிறது. வாய்மை எஞ்சினால் மந்திரவாதி. வீரம் எஞ்சினால் போர்வீரன். இரக்கம் எஞ்சினால் பாணன்.

நமக்குப் பணிவு எஞ்சியது. ஆகவே நாம் இடையரானோம்.

விளையாட்டின் எட்டுத் தொழில்களில் மிகவும் நலிந்தது இடையனுடையது. அவன் தொடங்கும் ஊரான மஜின்சியாவோ செருக்கினால் அழிந்து, பேய்கள் உலவும் இடிபாடு. மற்றவர்கள் கடையும் மருத்துவரும் உள்ள ஊர்களின் அருகே தொடங்க, பணிவைத் தேர்ந்தவர் பாழூரின் வாயிலில் கோலோடு நிற்கிறார். முதலில் இதைக் குறும்பு என்றே எண்ணிச் சினந்தோம். பணிவை உயர்வாக எண்ணுவதாகச் சொன்னாயே, இதோ அதன் விலை என்று அந்த வண்டிப் பெண் சொன்னதாகப் பின்னர் புரிந்தது. உண்மையைச் சொல்வதானால், நாம் விடையளித்தபோது பணிவோடு விடையளிக்கவில்லை. பணிவானவர் என்று தெரிய வேண்டுமே என்று விடையளித்தோம்.

பாத்திரக் கட்டமைப்பும் அறத்தேர்வும் ஒன்றாக உருகிய முதல் இடங்களுள் இதுவும் ஒன்று. அவ்வுருக்கம் போரிலும் தொடர்கிறது. தீய உயிர்களோடு பொருதும்போது ஓடினால் வீரம் குறையும். தீயவையல்லாத விலங்குகள் அஞ்சி ஓடும்போது துரத்திக் கொல்லாமல் விட்டால் நற்பண்பு வளரும். மருத்துவரிடம் குருதி கொடுத்தால் தியாகம் வளரும். ஆனால் அடுத்த போருக்கு உடலில் வலு இராது. ஓரிடத்தில் கொடிய மண்டையோடு ஒன்று கிடைக்கிறது. அதை ஒருமுறை பயன்படுத்தினால் சூழ்ந்து நிற்கும் பகைவர் அனைவரும் ஒருசேர மடிவர். எட்டு அறங்களும் அதனோடு சரியும். தோற்கும் தறுவாயில், பையில் அந்த மண்டையோடு இருக்கும்போதுதான் அறம் என்பதன் பொருள் விளங்குகிறது. அதைப் பாதாளத்தின் வாயிலில் எறிந்து அழிப்பதே உயர்ந்த வழி.

இந்த எண்கள் எவையும் திரையில் காட்டப்படுவதில்லை. உடல்வலிமை தெரியும், பொற்காசு தெரியும், உணவின் அளவு தெரியும். இரக்கத்தின் அளவு தெரியாது. மேசை விளையாட்டில் நடத்துபவர் மனத்தில் இருந்த கணக்கைக் கேரியட் இயந்திரத்துக்குள் மறைத்து வைத்தார். மூலிகைக் கடையில் நமக்கு நேர்ந்தது அதுவே.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. இறுதியறைக்குள் நுழைய வேண்டுமானால் மற்ற ஏழு தொழிலாரையும் துணைவராகச் சேர்த்து எண்மராகச் செல்ல வேண்டும். ஆகவே போர்வீரனாகவோ மந்திரவாதியாகவோ தொடங்கியவரும் நலிந்த இடைச்சி ஒருத்தியைத் தம்மோடு அழைத்துக்கொண்டு, கடும்போர்கள் நிறைந்த எட்டு அடுக்குப் பாதாளத்தைக் கடந்தாக வேண்டும். வலிமையை மட்டும் கணக்கிடும் எவரும் செய்யாத தேர்வு அது. விளையாட்டு அதைக் கட்டாயமாக்கியது.

அறம் சட்டமானால்

தாம் வகுத்த எட்டு அறங்களையே கேரியட் 1988இல் வெளியான ஐந்தாம் பகுதியில் ஐயத்துக்கு உட்படுத்தினார். நல்லரசர் காணாமற்போக, பிளாக்தார்ன் என்பவன் ஆட்சிக்கு வருகிறான். அவன் அறங்களை ஒழிக்கவில்லை, சட்டமாக்குகிறான். பொய் சொன்னால் நாவை இழக்க நேரும்; வருவாயில் பாதியைத் தானம் செய்யாவிட்டால் வருவாயே இராது என்ற வகையில் ஆணைகள் பிறக்கின்றன. முந்தைய விளையாட்டில் எண்களைக் கூட்டிக் கழித்த இயந்திரமும் ஒருவகையில் இதையே செய்ததல்லவா என்று எண்ணிப்பார்க்கும் வாசகர், படைப்பாளி தம்மையே கேள்வி கேட்டுக்கொண்டதை உணர்வார்.

அதே விளையாட்டின் பாதாளத்து அறை ஒன்றில் குழந்தைகள் கூண்டுகளில் அடைபட்டிருக்கிறார்கள். விடுவித்தால் அவர்கள் நம்மைத் தாக்குவார்கள். சோதித்துப் பார்த்தவர் ஒருவர் இதைக் கண்டு கலங்கி, நீக்க வேண்டும் என்று கோரினார். கேரியட் நீக்கவில்லை. குழந்தைகளைக் கொல்ல வேண்டுமென்று விதி ஏதும் இல்லை. தூங்கவைக்கும் மந்திரத்தால் கடந்து செல்லலாம், கூண்டுகளைத் திறக்காமலும் போகலாம். அந்த அறையில் என்ன செய்வது என்ற தேர்வு முழுக்க ஆட்டக்காரனுடையது. கண்டவர் கலங்கினார் என்பதே அத்தேர்வு உண்மையானது என்பதற்குச் சான்று எனக் கேரியட் கருதினார்.

மாயத்திரையும் மரணமின்மையும்

அல்டிமா விதைத்ததைப் பின்வந்தோர் அனைவரும் ஒரே வகையில் அறுவடை செய்யவில்லை. கனடாவின் எட்மன்டன் நகரில் இயங்கிய பயோவேர் நிறுவனத்தின் 'பால்டர்ஸ் கேட்' 1998இல் வந்தபோது, மறைந்திருந்த எண் வெளிப்படையாகிவிட்டது. நற்பெயர் என்பது ஒன்று முதல் இருபது வரை. நற்பெயர் உயர்ந்தால் கடைகளில் விலை குறையும். கோயிலுக்குப் பொருள் கொடுத்து நற்பெயரை உயர்த்திக்கொள்ளவும் வழியிருந்தது. உலக வழக்கைப் பார்க்கும்போது இது மெய்ம்மைக்கு நெருங்கியதே. ஆனால் அது அறம் அன்று, மதிப்பு.

இதன் அடுத்த பகுதியில் (2000) வரும் ஒரு காட்சி அதனினும் கூர்மையானது. பகைவரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் தோன்றுவது இவ்விளையாட்டின் வழக்கம். விண்ட்ஸ்பியர் மலைக்குச் சென்றதும் சிவப்பு வட்டத்தோடு அரக்கர்கள் எதிர்ப்படுகிறார்கள். பழக்கத்தின்படி கொல்கிறோம். மாயம் விலகும்போது கீழே கிடப்பவர்கள் அறநெறி பூண்ட வீரர்கள். அவர்களுள் ஒருவர் முதற்பகுதியில் நம் குழுவில் தோளோடு தோள் நின்று போரிட்ட அஜான்டிஸ். டிராகன் ஒன்று செய்த சூழ்ச்சி அது. நாம் எதைத் தேர்ந்தோம்? எதையும் தேரவில்லை, வட்டத்தின் நிறத்தைப் பார்த்தோம், தாக்கினோம். நம் பாத்திரத்தின் வாள் எவ்வளவு கூர்மையாகக் கட்டமைக்கப்பட்டிருந்ததோ அவ்வளவு விரைவாக அவர்கள் மடிந்தார்கள்.

இவ்விரண்டுக்கும் இடையே, 1999இல், பிளாக் ஐல் நிறுவனத்தில் கிறிஸ் அவெலோன் தலைமையில் உருவான 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' வந்தது. இலக்கிய வாசகர் ஒருவர் இத்துறையில் ஒன்றை மட்டும் அறிய விரும்பினால் இதையே பரிந்துரைப்போம். பிணவறையில் கண்விழிக்கும் நாயகனுக்குப் பெயர் இல்லை, நினைவு இல்லை, மரணமும் இல்லை. பிற விளையாட்டுகளில் ஞானம் என்னும் எண்ணைப் பூசாரிகளைத் தவிர யாரும் பொருட்படுத்துவதில்லை. இங்கே ஞானத்தை உயர்த்தினால் இழந்த நினைவுகள் திரும்புகின்றன. வலிமையை உயர்த்தியவர் வென்று செல்லும் இடங்களை, ஞானமும் அறிவும் ஈர்ப்பும் உயர்த்தியவர் பேசிக் கடக்கிறார். இறுதி மோதலையும் வாளின்றியே முடிக்க இயலும். உரையாடலில் ஒரே வாக்கியம் இருமுறை தோன்றும்: ஒன்று பொய் என்ற குறிப்போடு, மற்றொன்று மெய்யான வாக்குறுதி என்ற குறிப்போடு. கேட்பவருக்கு இரண்டும் ஒன்றே. சொல்பவரின் உள்ளம் மட்டுமே வேறு. அந்த உள்ளத்தின் கணக்கையும் விளையாட்டு வைத்திருக்கிறது.

இறந்தாலும் எழும் வரத்தைத் தொடக்கத்தில் நாம் வசதியாகவே எண்ணுகிறோம். கடும்போரில் வீழ்ந்தால் என்ன, மீண்டும் எழலாம். பாதிக்கு மேல் உண்மை தெரியவருகிறது: நாயகன் இறக்கும் ஒவ்வொரு முறையும் அவனுக்குப் பதிலாக உலகின் எங்கோ ஒருவர் இறந்திருக்கிறார். நாயகனைத் துரத்தி வரும் நிழல்கள் அவர்களே. நாம் அலட்சியமாக இழந்த போர்கள் ஒவ்வொன்றும் நினைவுக்கு வருகின்றன. தன் மரணத்தை மீட்டுக்கொண்டு, செய்த பிழைகளுக்கான தண்டனையை ஏற்க நாயகன் நரகப் போர்க்களத்தில் நடந்து செல்வதோடு கதை முடிகிறது. வெற்றி என்று அதைச் சொல்ல முடியவில்லை. தோல்வி என்றும் சொல்ல மனம் வரவில்லை.

மீளமுடியாமை

டார்மென்ட் கைவைத்தது இத்துறையின் அடிப்படை வசதி ஒன்றின்மீது. ஆட்டத்தை எவ்விடத்திலும் சேமித்து வைத்து, பிடிக்காத விளைவு வந்தால் அவ்விடத்துக்கே திரும்பிவிடலாம் என்னும் 'சேவ்' வசதியே அது. விசர்ட்ரியின் சாம்பலுக்கு அஞ்சியவர்களுக்கு இது பெரும் ஆறுதல். ஆனால் செய்ததைச் செய்யாததாக்க முடியுமானால் வருத்தத்துக்கு இடமேது? நாமும் மூலிகைக் கடை நிகழ்ச்சிக்குப் பின்னர், ஞானியின் சொல்லைக் கேட்டவுடன் முதலில் செய்தது, பழைய பிரதி ஏதும் இருக்கிறதா என்று தேடியதே.

இதற்கு இருவகை விடைகள் வந்தன. வார்சாவில் இயங்கும் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம், அந்த்ரேய் சப்கோவ்ஸ்கியின் கதைகளை அடியொற்றி 2007இல் வெளியிட்ட 'தி விட்சர்' விளைவைத் தாமதப்படுத்தியது. ஆற்றங்கரையில் சரக்கைக் காக்கும் நாயகனிடம் ஒடுக்கப்பட்ட இனத்துப் போராளிகள் வந்து அதைக் கேட்கிறார்கள். மறுத்தால் அங்கேயே போர். கொடுத்தால் அமைதி, ஆனால் அடுத்த அத்தியாயத்தில் அவர்கள் அம்புக்கு ஒருவர் இரையாகிக் கிடப்பதைக் காண்கிறோம். அதற்குள் பல மணி நேர ஆட்டம் கடந்திருக்கும். திரும்பிப் போக மனம் வராது. 2009இல் வந்த 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' இதற்கு மாறானது. பேய் பிடித்த சிறுவனைக் கொல்வதா, அவன் தாயைப் பலியிடுவதா என்று நம்மைத் திகைக்கவைத்துவிட்டு, தொலைவிலுள்ள மந்திரவாதிகளை அழைத்துவந்தால் இருவரையும் காக்கலாம் என்று மூன்றாம் வழியையும் திறந்துவைத்தது. அதுவரை சிறுவன் ஊரை அழிக்காமல் பொறுமையாகக் காத்திருப்பான். விலையில்லாத நன்மை கிடைத்ததும் முந்தைய திகைப்பு நாடகமாகிவிடுகிறது.

மற்றொரு விடை பழமைக்குத் திரும்பியது. பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் உருவாக்கிய 'பால்டர்ஸ் கேட் 3' 2023 ஆகஸ்ட்டில் வெளிவந்தது. அவ்வாண்டின் நவம்பர் இறுதியில் அதில் 'ஹானர்' என்னும் ஆட்டமுறை சேர்க்கப்பட்டது. ஒரே ஒரு சேமிப்பு மட்டுமே. கடந்ததைத் திருத்த இயலாது. பெரும்பகைவர்கள் முன்னினும் கொடியவர்கள். குழு முழுவதும் வீழ்ந்தால் அத்தகுதி போயிற்று. அகதிகளைக் காப்பதா, தாக்க வருவோரோடு சேர்வதா என்ற தொடக்கத் தேர்வில் தீமையைத் தேர்ந்தால் நல்ல துணைவர்கள் விலகிச் செல்வார்கள். போர்க்களத்தில் அவர்களின் இடம் வெறுமையாக நிற்கும். அவ்வெறுமையோடு இறுதிவரை போரிட வேண்டும். விசர்ட்ரியின் சாம்பலும் அல்டிமாவின் கணக்கும் நாற்பதாண்டுகள் கழித்து ஓரிடத்தில் சந்தித்துக்கொண்டன எனலாம்.

ஆக, இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்றது இதுவே. பாத்திரக் கட்டமைப்பு, அறத்தேர்வு, கடும்போர் என மூன்றாகப் பேசப்படுபவை உண்மையில் தனித்தனியானவை அல்ல. ஒரு தேர்வு நம்மை நலிவுறச் செய்ய வேண்டும். அந்நலிவு அடுத்த போரில் உணரப்பட வேண்டும். அதை மாற்ற இயலாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் திரையில் தோன்றும் இரண்டு வரிகளுள் ஒன்றைச் சொடுக்குவது தேர்வு என்ற பெயருக்குத் தகுதி பெறுகிறது.

எனினும் ஓர் ஐயம் நம்மை விட்டு நீங்கவில்லை. ஞானியின் சொல்லுக்குப் பிறகு நாம் இரவலர் எவரைக் கண்டாலும் காசு கொடுத்தோம். ஊர் ஊராகத் தேடிப்போய்க் கொடுத்தோம். அது இரக்கமா, இரக்கம் என்னும் எண்ணை உயர்த்தும் முயற்சியா? பிளாக்தார்னின் குடிகள் தானம் செய்ததும் இவ்வாறுதானே?

மாணவர் மீண்டும் வந்தபோது இதை அவரிடம் கேட்டோம். அவர் விடை ஏதும் சொல்லவில்லை. மூலிகைக் கடைக்குப் போனீர்களா என்று மட்டும் கேட்டார். போயிருந்தோம். பழைய பிரதி கிடைக்காததால், ஏமாற்றிய அதே ஆட்டத்தைத் தொடர்ந்து, அந்தப் பெண்ணிடம் மூலிகை வாங்கி, இம்முறை முழு விலையையும் வைத்தோம். முன்பு போலவே அவள் வாங்கிக்கொண்டாள். முன்னர்க் குறைத்துக் கொடுத்ததைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை; திருப்பிக் கொடுக்கவும் விளையாட்டில் வழியில்லை.